கோவிந்தராசு சாரின் டேப்

ஆசிரியர்களுக்குப் புதிய கருவிகளைப் பழக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொன்னார்கள். நான் வைத்து வேலை செய்த கருவிகளைப் பற்றிச் சொல்லி உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அவற்றில் ஒன்றுகூட இப்போது ஓடாது. சாதித்ததைச் சொல்லலாம் என்றால், அதை என் பணி ஓய்வு விழாவில் மற்றவர்களே மாலை போட்டுச் சொல்லிவிட்டார்கள். அந்த மேடையில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்கு அது தெரியும். என் முகத்துக்காக விட்டுவிட்டார்கள். அதை நானே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் லாஸ்பேட்டையில் ஒரு அரசுக் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தேன். வயது முப்பத்தெட்டு. ஒரு நாள் பிரின்சிபால் கூப்பிட்டு மூன்று பெரிய அட்டைப்பெட்டிகளைக் காட்டினார். ஒரு டிவி, ஒரு விசிஆர், தோளில் தூக்கி வைத்துப் படம் பிடிக்கிற ஒரு வீடியோ கேமரா. அரசாங்கத்திலிருந்து வந்திருந்தது.

"இத வச்சு நம்ம ஸ்டாஃபு பாடம் நடத்துற விதத்தையே மாத்தணுமாம். நீங்கதான் இதுக்குப் பொறுப்பு. ரெண்டு பேரைச் சேர்த்துக்குங்க" என்றார்.

இன்றைக்கு உங்களுக்கு வந்திருக்கும் உத்தரவும் ஏறக்குறைய இதுதான். பெட்டிதான் வேறு.

நான் முதலில் கேட்டது பொருளாதாரத் துறையின் கலைவாணி மேடத்தை. கல்லூரியில் எல்லாரோடும் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். இரண்டாவது ஆள் எங்கள் ஆய்வகத்தின் அட்டெண்டர் ஆரோக்கியம். குருசுக்குப்பத்தில் வீடு. ரேடியோ, மிக்சி எதைக் கொடுத்தாலும் பிரித்துப் போட்டுச் சரிசெய்வார். கேமராவை இரண்டே நாளில் பழகிக்கொண்டார்.

குழு என்று பெயர் வைத்தேனே தவிர, கூட்டம் போடும்போது நானும் கலைவாணி மேடமும் நாற்காலியில் உட்காருவோம். ஆரோக்கியம் வெளியே ஸ்டூலில் இருப்பார். அவரை உள்ளே கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கலைவாணி மேடம் ஒருமுறை, "அவரும் வரட்டுமே சார்" என்றார். "டெக்னிகல் வேலை வரும்போது கூப்பிட்டுக்கலாம்" என்றேன்.

திட்டம் எளிமையானது. ஆசிரியர் ஒருவர் வழக்கம்போல் பாடம் நடத்துவார். நாங்கள் பதிவு செய்வோம். பிறகு அவர் எங்களோடு உட்கார்ந்து தன் வகுப்பைத் தானே பார்ப்பார். எதை மாற்றலாம் என்று அவரே சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் வரவில்லை. ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. "நம்மளப் படம் புடிச்சு மேல அனுப்பப் போறாங்க" என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது.

அதனால் ஸ்டாஃப் கூட்டத்தில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தேன். "உங்க டேப் உங்களுக்கு மட்டும்தான். நீங்க சொல்லாம வேற யாரும் பார்க்க மாட்டாங்க. இது என் பொறுப்பு."

அதற்குப் பிறகும் இளம் ஆசிரியர்கள் நாலு பேர்தான் வந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கோவிந்தராசு சார் வந்தா எல்லாரும் வருவாங்க" என்றார் கலைவாணி மேடம். அது உண்மை.

கோவிந்தராசு சார் கணக்கு ஆசிரியர். ஐம்பத்தாறு வயது. மில் தொழிலாளி குடும்பம். அவரே பதினேழு வயதிலிருந்து பல வருஷம் மில்லில் தறி ஓட்டிக்கொண்டு, அதன் பிறகு படித்து மேலே வந்தவர். அவர் வகுப்பில் ஃபெயில் ஆகிறவர்கள் மிகக் குறைவு. ஒரு மாணவன் சந்தேகம் கேட்டால் அவர் மேடையிலிருந்து இறங்கி, பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து, அவன் முன்னால் போய் நிற்பார். "இப்ப சொல்லு" என்பார். கடைசி பெஞ்சாக இருந்தாலும் போவார். பிள்ளைகளுக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது.

கலைவாணி மேடம் மூன்று வாரம் அவரிடம் பேசினார். "எனக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்று சிரித்து நழுவிக்கொண்டே இருந்தவர், கடைசியில் "நீ இவ்ளோ சொல்ற. சரி" என்று ஒத்துக்கொண்டார்.

அவர் வகுப்பைப் பதிவு செய்யப் போன அன்று ஒரு சிக்கல். கேமராவை வகுப்பின் பின்னால் முக்காலியில் நிறுத்தியிருந்தோம். அவர் நடந்தால் படத்திலிருந்து வெளியே போய்விடுவார், வெளிச்சமும் மாறிவிடும். நான் ஒரு சாக்பீஸை எடுத்து மேடையில், கரும்பலகைக்கு முன்னால், ஒரு கட்டம் போட்டேன்.

"சார், இந்தக் கோட்டைத் தாண்டாம நின்னு நடத்துங்க."

அவர் கட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இறங்கக் கூடாதா?"

"ஒரு மணி நேரம்தானே சார்."

ஆரோக்கியம் என் பக்கத்தில் வந்து, "கோடு வேணாம் சார். அவரு போற பக்கம் நான் கேமராவ தூக்கிக்கினே போறேன்" என்றார்.

"படம் ஆடும். சொன்னதச் செய்" என்றேன்.

அன்று மாலை அந்த டேப்பை நான் தனியாகப் போட்டுப் பார்த்தேன். வாக்குக் கொடுத்தவன் அதைக்கூடப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்ததும் எனக்கு ஒரு ஏமாற்றம். பாடம் அருமையாக இருந்தது. ஆனால் மாணவர்கள் கேட்கும் கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை. ஏதோ கேட்டால் ஏதோ சொன்னார். 'பெயர் பெரிதாக இருக்கிறதே ஒழிய, பிள்ளைகள் கேட்பதைக் காதில் வாங்காத பழைய காலத்து ஆசிரியர்தான் இவரும்' என்று நினைத்தேன். காதில் வாங்காத என்ற சொல்லை நான் அப்படியே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை அவரோடு உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. வியாழக்கிழமை காலை பத்தரைக்கு பிரின்சிபால் என்னைத் தேடிக்கொண்டு அவரே மாடியேறி வந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். பதற்றம் வந்தால் மட்டும் அந்த மொழி வெளியே வரும்.

"மோன் தியே! கல்வித் துறையிலேருந்து அதிகாரி வந்துகினு இருக்காரு. பதினோரு மணிக்கு இங்க இருப்பாரு. மெஷினெல்லாம் என்ன பண்றீங்கன்னு பார்க்கணுமாம். ஸ்டாஃப் அத்தனை பேரையும் ஹாலுக்கு வரச் சொல்லிட்டேன்."

இந்த மாதிரி ஒரு நாளுக்காகக் கலைவாணி மேடத்தின் வகுப்பு டேப்பை நாங்கள் தயாராக வைத்திருந்தோம். அவரே அனுமதி கொடுத்திருந்தார். ஹாலில் அதை விசிஆரில் போட்டேன். ஒரு நிமிஷம் ஓடியது. பிறகு திரை முழுக்கக் கோடுகள், உள்ளே கரகரவென்று சத்தம். ஆரோக்கியம் வெளியே எடுத்தபோது நாடா கசங்கிக் குடல் மாதிரி தொங்கியது. கடற்காற்றில் டேப்புகளில் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்று ஆரோக்கியம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கவனிக்கவில்லை.

மற்ற நாலு டேப்பும் அந்தந்த ஆசிரியர்கள் பார்த்து முடித்ததும் அழித்துவிட்டோம். மேஜையில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

மணி பத்து ஐம்பது. "மெஷின் ரிப்பேர் சார்" என்று சொல்லியிருக்கலாம். கேமராவை வைத்து அங்கேயே ஏதாவது செய்து காட்டியிருக்கலாம். கலைவாணி மேடம் அதைத்தான் சொன்னார். "லைவா எடுத்துக் காட்டலாம் சார். நானே நின்னு பேசறேன்." எனக்கு அது விளையாட்டுத்தனமாகப் பட்டது. அதிகாரி முன்னால் ஒரு முழு வகுப்பு ஓட வேண்டும், 'இப்படி இருப்பவர்களை இப்படி மாற்றப் போகிறோம்' என்று நான் சொல்ல வேண்டும், அவர் தலையாட்ட வேண்டும். அந்தக் காட்சி எனக்குள் ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டது.

வெளியே ஓடினேன். கோவிந்தராசு சார் மாடிப்படியில் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்தே, "சார், உங்க டேப்பக் கொஞ்சம் போட்டுக் காட்டட்டுமா? அஞ்சு நிமிஷம்தான்" என்றேன். என் காலடி அதிர்ந்திருக்க வேண்டும். அவர் திரும்பி, என்னைப் பார்த்துச் சிரித்து, தலையை ஆட்டினார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஹாலில் எழுபது பேருக்கு மேல் இருந்தார்கள். அதிகாரி முன்வரிசையில். கோவிந்தராசு சார் மூன்றாவது வரிசையில். நான் டேப்பைப் போட்டேன்.

முதலில் எல்லாரும் அமைதியாகப் பார்த்தார்கள். பிறகு திரையில் ஒரு மாணவன் எழுந்து, "சார், எதுக்கு ரெண்டால வகுத்தீங்க?" என்று கேட்டான். திரையில் கோவிந்தராசு சார் கோடு வரைக்கும் வந்தார். காலை எடுத்து வைக்கப் போய் நிறுத்திக்கொண்டார். பிறகு, "நாளைக்கு இல்லப்பா, வெள்ளிக்கிழமதான் டெஸ்ட்" என்றார்.

ஹாலில் சிரிப்பு வந்தது.

ஒரு பெண் எழுந்து, "மூணாவது வரியில மைனஸ் வரணும் சார்" என்றாள். "ஆமா, ஆமா. சரியாச் சொன்ன. உக்காரு" என்று சொல்லிவிட்டு, அவர் அந்த வரியைத் திருத்தாமல் அடுத்ததை எழுதினார்.

இன்னும் பெரிய சிரிப்பு. அதிகாரியும் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன்.

திரையில் இருந்த மாணவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. திருத்தம் சொன்ன பெண் தன் நோட்டை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய், மூன்றாவது வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் பார்த்து, முகம் மலர்ந்து, கரும்பலகையில் திருத்தினார்.

அப்போதுதான் கலைவாணி மேடம் எழுந்தார். "சார், நிறுத்துங்க" என்றார்.  "நிறுத்துங்க சார்!"

நான் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். கோவிந்தராசு சார் சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றி எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன சிரிப்பு என்று அவருக்குத் தெரியவில்லை. டிவியில் மாணவர்களின் முதுகுதான் தெரிந்தது. ஒருவர் வாயும் தெரியவில்லை.

ஹால் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டார்கள். தன்னைச் சுற்றி இருந்த முகங்கள் மாறுவதை அவர் பார்த்தார். அவர் சிரிப்பு கடைசியாக நின்றது.

அதிகாரி பிரின்சிபால் பக்கம் சாய்ந்து, "எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டார். எனக்கும் கேட்டது.

இதோடு முடிந்திருந்தால் இதைப் பதற்றத்தில் செய்த தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். மறுவாரம் நடந்தது பதற்றத்தில் நடந்ததல்ல. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். துறையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருந்தது. அவர் நல்ல மனிதர். கோவிந்தராசு சாரைக் காப்பாற்ற ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார் என்று இப்போது புரிகிறது.

"நீங்க அவர் கிளாஸ முழுசாப் பார்த்த ஆளு. அவரால நடத்த முடியும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அவரோட ரிசல்ட்ட நான் சேர்த்து வச்சு அனுப்பறேன்."

எழுதினால் அதிகாரி என்னிடம் திரும்பிக் கேட்பார்: அப்படியானால் ஏன் அந்த டேப்பைக் காட்டினாய்? 

"டேப்புல இருக்கறதுதான் சார் இருக்கு. நான் வேற என்ன எழுத முடியும்?" என்றேன். பிறகு, அவர் கேட்காமலே, "அவருகிட்ட அனுமதி கேட்டுத்தான் சார் போட்டேன். தலையாட்டினாரு" என்றும் சொன்னேன்.

பிரின்சிபால் துறைக் கடிதத்தை மடித்து வைத்தார். "நீங்க போங்க" என்றார்.

கோவிந்தராசு சாரை மருத்துவக் குழுவுக்கு அனுப்பினார்கள். சட்டைப் பையில் பெட்டி வைத்துக் காதில் மாட்டும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் இரைச்சல்தான் வந்தது. பாடம் எடுக்க வேண்டாம் என்று உத்தரவாயிற்று. ஓய்வு பெறும்வரை இரண்டு வருஷம் நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தார். மாணவர்கள் அங்கேயே போய் அவர் எதிரில் உட்கார்ந்து சந்தேகம் கேட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் அந்தப் பக்கம் போவதில்லை. எனக்கு வேண்டிய புத்தகத்தை ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டேன்.

கலைவாணி மேடம் ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிட்டுக் குழுவிலிருந்து விலகினார். என்னைத் திட்டவில்லை. "அவர வரச் சொல்லி நான்தான சார் கூப்பிட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

ஆரோக்கியம் அட்டெண்டர். விலகும் உரிமை அவருக்கு இல்லை. ஒரு நாள் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது அவரிடம், "அவருக்குக் காது கேக்காதுன்னு யாருக்குமே தெரியலியே" என்றேன். என்னைத் தேற்றிக்கொள்ளத்தான் சொன்னேன்.

கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எனக்குத் தெரியும் சார்."

"தெரியுமா?"

"எங்கப்பாவும் தறி ஓட்டனவருதான். நூறு தறி ஒண்ணா ஓடும். அந்தச் சத்தத்துல ஒரு பேச்சும் கேக்காது. வாயப் பார்த்துத்தான் பேசிப்பாங்க. பத்து வருசம் ஓட்டனா காது போயிடும், ஆனா எந்த வாயையும் படிப்பாங்க. எங்கப்பா வீட்டுக்குள்ளயும் அப்படித்தான். கிட்ட வந்து மூஞ்சிக்கு எதுக்க நிப்பாரு. சாரு பெஞ்சு பெஞ்சா நடந்து போறதப் பார்த்தவுடனே எனக்குப் புரிஞ்சுது. அவரு நடந்தா பாடம் நல்லாத்தான் இருக்கும். நீங்க கோடு போட்டு நிறுத்திட்டீங்க."

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"அடுத்தவங்க ஒடம்புல இருக்கறத நான் எப்படி சார் வெளிய சொல்றது? கோடு வேணாம்னு மட்டும் சொன்னேன். ஏன்னு நீங்க கேக்கல."

அன்றைக்குத்தான் எனக்கு முழுக்க விளங்கியது. அந்த டேப்பில் இருந்தது கோவிந்தராசு சாரின் பாடம் அல்ல. இருபது வருஷமாக அவர் கண்டுபிடித்து, தேய்த்து, பழக்கி வைத்திருந்த ஒரு முறை அவரிடம் இருந்தது. கல்லூரியிலேயே சிறந்த முறை. அதை ஒரு சாக்பீஸால் பிடுங்கிவிட்டு, மிச்சம் இருந்ததைப் படம் பிடித்து, இதுதான் இவர் என்று காட்டியிருக்கிறேன். ஆசிரியர்கள் மாற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தவனுக்கு, அவர்கள் ஏற்கெனவே என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத் தெரியவில்லை. சொல்லக்கூடிய ஆளை ஸ்டூலில் உட்கார வைத்திருந்தேன்.

அதே வாரம் அந்த டேப்பைத் தேடி எடுத்து, அதன் மேலேயே வெற்றுத் திரையைப் பதிவு செய்து அழித்தேன். செய்த தப்புக்கு ஏதோ பரிகாரம் செய்தது போல ஒரு நிம்மதி வந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு ஆசிரியரும் எங்கள் அறைக்கு வரவில்லை. பிறகு கலைவாணி மேடத்திடம் போய்க் கேட்டேன். அவர் இரண்டு நிபந்தனை போட்டார். ஆரோக்கியம் நாற்காலியில் உட்காருவார். டேப் அந்தந்த ஆசிரியரிடமே இருக்கும். இரண்டுக்கும் ஒத்துக்கொண்டேன். மெதுவாக, மிக மெதுவாக, ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பின்னாளில் கம்ப்யூட்டர்கள் வந்தபோது எங்கள் கல்லூரியில் ஆசிரியர்கள் பயப்படாமல் தொட்டார்கள் என்று மேடையில் புகழ்ந்தார்களே, அது அவர்கள் இருவரால் வந்தது.

கோவிந்தராசு சார் ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனேன். அத்தனை நாள் தள்ளிப் போட்டேன். முதலியார்பேட்டையில் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் மனைவி கதவைத் திறந்தார். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. "காலேஜிலேருந்தா? வாங்க. எதுக்கால உக்காந்து பேசுங்க, அப்பதான் அவருக்குப் புரியும்" என்றார்.

கோவிந்தராசு சாருக்கு என்னைத் தெரிந்தது. நாற்காலியைக் காட்டினார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே கையால் வாயை மூடிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கோடு போட்டது, சிரித்தது, பிரின்சிபாலிடம் எழுதிக் கொடுக்க மறுத்தது. முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

"சார்" என்றார். "கைய எடுங்க. தலைய நிமுத்துங்க. நீங்க சொன்னதுல எனக்கு ஒண்ணும் புரியல."

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை அவர் கண்ணுக்கு நேராக, ஒவ்வொரு சொல்லையும் வாயைத் திறந்து. ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. அவர் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் எதையும் பேசியதில்லை.

நான் முடித்ததும் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு, "சரி, அது போவட்டும்" என்றார். "அந்த டேப்பு இருக்கா?"

எனக்குப் புரியவில்லை.

"எம் பொண்ணு வீட்ல இப்ப வீடியோ டெக்கு வாங்கியிருக்காங்க. அப்பா கிளாஸ் எடுக்கறத நான் ஒரு நாளும் பார்த்ததில்லியேன்னு கேட்டுக்கினே இருக்கா. இவளும் பார்த்ததில்ல." மனைவி பக்கம் கையைக் காட்டினார். "நான் பாடம் நடத்துனது அது ஒண்ணுலதான இருக்கு. எப்படி இருந்தா என்ன? குடுத்தீங்கன்னா எடுத்துப்பேன்."

நான் தலையைக் குனியப் போனேன். குனியாமல் சொன்னேன்.

"அழிச்சிட்டேன் சார்."

என் வாய் சொன்னதைச் சரியாகப் படித்தோமா என்று அவர் ஒரு கணம் சந்தேகப்பட்டது தெரிந்தது. இன்னொரு முறை சொன்னேன்.

"அதையும் என்னக் கேக்காமயே செஞ்சீங்களா?" என்றார்.

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தார். அவர் தன் டம்ளரை எடுத்துக் குடித்தார். நானும் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.